நியாயமான அக்கறை

உவரியில் மதியம்.
உப்புப் பிடித்த மின்விசிறி அனத்திக்கொண்டு சுற்றுகிறது.
பிரகாசியம்மா என் நாற்காலிக்குப் பின்னால்,
மீன் விற்ற கையைச் சேலையில் துடைத்தபடி.
'எம் மவன் கப்பலு எங்கன நிக்குன்னு பாரு.'

கப்பல் காட்டும் தளத்தைத் திறந்தேன்.
விளம்பரங்களை வாசலிலேயே மடக்கிய என் தடுப்பான்
குக்கீக்குச் சம்மதம் கேட்கும் பலகையையும்
சேர்த்து விழுங்கிவிட்டது.
கேட்க ஆளில்லை;
பதில் சொல்லாமல் உள்ளே விடவும் இல்லை.
கடல்மேல் சாம்பல் போர்வை.
உருட்டினால் அசையவில்லை.

தடுப்பானை அணைத்தேன். பலகை வந்தது.
வாசித்துக் காட்டினேன்:
நாங்களும் எங்கள் எண்ணூற்றுப் பன்னிரண்டு பங்காளிகளும்...
'இத்தன பங்காளியா! சொத்து எம்புட்டு?'

'வேண்டாம்' மூன்று பக்கம் உள்ளே இருந்தது.
நியாயமான அக்கறை என்றொரு பிரிவு,
அதில் எல்லாருக்கும் ஏற்கெனவே பச்சை.
ஒவ்வொன்றாய் அணைக்கிறேன்.
போன வாரமும் அணைத்தேன்.
வேண்டாம் என்றதை நினைவில் வைக்கவும்
ஒரு குக்கீ வேண்டுமாம்;
நான்தான் ராத்திரிக்கு ராத்திரி
எல்லாவற்றையும் துடைத்துவிடுகிறேனே.

'நாம எங்க இருக்கோம்னுதான கேக்கானுவ?
உவரின்னு சொல்லிரு மக்கா.
அவன் எங்க இருக்கான்னு அவனுவ சொல்லட்டும்.'

நாற்பதாவது பெயரில் இருந்தேன்.
அனைத்தையும் ஏற்கிறேன்.
அழுத்தினேன்.

ஏடன் வளைகுடாவில்
ஒரு சின்னப் பச்சை முக்கோணம்.
கடைசித் தகவல்: பத்தொன்பது மணி நேரம் முன்பு.
அதை மட்டும் நான் வாசித்துக் காட்டவில்லை.

திரையில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு
பத்து ரூபாயை விசைப்பலகைமேல் வைத்துப் போனாள்.
தாளில் ஒரு செதில் ஒட்டியிருந்தது,
முக்கோணத்தின் மேல் இன்னொன்று.