பொத்தான் என் கையில்

முப்பத்தொரு ஸ்லைடு செய்திருந்தேன்.
நாத்தேலா சமையலறை மேசையில் உட்கார்ந்து
ஒவ்வொன்றாய்க் கொன்றாள்.
நிறுவன வரலாறு போனது. லட்சியம் போனது.
கைகுலுக்கும் இரண்டு கைகள், காசு கொடுத்து வாங்கிய படம்,
அதுவும் போனது.
இந்த வட்ட வரைபடத்துக்கு ஓர் இரவு முழுக்க விழித்தேன் என்றேன்.
"அழகாத்தான் இருக்கு" என்றபடியே அழித்தாள்.

பிறகு ஒத்திகை,
ஓடிக்கொண்டிருந்த சலவை இயந்திரத்துக்கு எதிரே.
ஒன்பது நிமிடம். ஏழு. ஏழரை. மறுபடி ஏழு.
"புதுமையான தீர்வு" என்று வரும்போதெல்லாம்
அவள் கண் ஜன்னலுக்குப் போனது.
அந்தச் சொல்லையும் எடுத்தோம்.

மிஞ்சியவை நான்கு.
திபிலீசிக்கு வேனில் ஐந்து மணி நேரம்,
மடியில் ஒரு பை ஹேசல் கொட்டை.
பாதி எங்கள் இயந்திரம் உலர்த்தியது;
பாதி, ஸுக்தீதி மழைக்குப் பறிகொடுத்தது.

வங்கியில் ஐந்து பேர்.
பூசணம் பிடித்ததைத்தான் முதலில் நீட்டினாள்.
ஒருவர் முகர்ந்து, முகம் சுளித்து,
பக்கத்தவருக்குத் தள்ளினார்.
நான் இரண்டாவது ஸ்லைடுக்குப் போனேன்.

"தொடர்மழையில் ஓடுமா?"
கேட்டவர் வக்தாங், கடன் பிரிவு.
இருபத்துமூன்றாம் ஸ்லைடின் அடியில்
எறும்பு எழுத்தில் நான் ஒளித்துவைத்திருந்த கேள்வி.
"போன அக்டோபரில் இரண்டு முறை நின்றது.
ஏனென்று இன்னும் தெரியவில்லை."

யாரும் எதுவும் எழுதவில்லை.
பிறகு, ஓரத்து நாற்காலியில் இருந்த அம்மாள்
பேனா மூடியைக் கழற்றினார்:
"எத்தனை மணி நேரம் நின்றது?"

மூன்றாவது ஸ்லைடில்
பொன்னிறக் கொட்டைகள் காத்திருந்தன.
பொத்தானிலிருந்து கட்டைவிரலை எடுத்தேன்.