மற்றவை

நூறு மீட்டர் போனால் பத்து மீட்டர் ஏறலாம்.
அதற்கு மேல் ஆசைப்பட்டால் எஞ்சின் இருமும்.
அடகாமாவில், மழை பேருக்குக்கூட எட்டிப் பார்க்காத மண்ணில்,
செம்புக் குழியின் பாதைகளை வரைவது என் வேலை.
முந்நூறு டன் கல்லை மேலே கொண்டுவர
லாரி தன்னுடைய இருநூற்றைம்பது டன்னையும்
சேர்த்தே சுமக்கிறது, ஒவ்வொரு முறையும்.
இதைச் சொன்னால் ஒலவரியா சிரிப்பார்:
"நாமும் அப்படித்தானே, யஸ்னா."
அவர் மேலாளர். சிரித்து முடித்ததும் விநாடி கேட்பார்.

ஜூலையில் பதினோரு விநாடி காணாமல் போனது.
மேற்குச் சுவர்ச் சாலையில், பாரத்தோடு ஏறும்போது,
விடிகாலை வண்டிகளில் மட்டும்.
மேலிருந்து எண்ணினால்
ஏழு இருபதுக்கு மூன்றாம் தட்டில் ஒரு தயக்கம்,
ஏழரை தாண்டி ஐந்தாம் தட்டில்,
எட்டு மணிக்கு ஒன்பதில்.
பள்ளமென்றால் இருந்த இடத்தில் இருக்கும்.
இது இறங்கி வந்துகொண்டிருந்தது,
சுவரைப் பிடித்துக்கொண்டு, தட்டுத் தட்டாக.

தாமதத்துக்கு எங்களிடம் குறியீடுகள் உண்டு:
டயர், டீசல், வெடிவைப்பு, நொறுக்கி முன் வரிசை.
எதிலும் அடங்காததற்கு 'மற்றவை'.

நோல்ஃபா அயவிரியின் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.
இரவு முழுக்கக் குழிக்குள் இருந்தவள்.
ஹீட்டர் முழங்காலைத்தான் சுடுகிறது,
தோளை விட்டுவிடுகிறது என்றாள்.
அதன்பின் பேச்சில்லை.
ஏழாம் தட்டின் வளைவில்
நிழல், கத்தரித்தாற்போல், முடிந்தது.
கண்ணாடி முழுக்க வெயில்.
பெடலில் அவள் கால் சற்றே தளர்ந்தது.
காலரைத் திறந்துவிட்டு
முகத்தைக் கொஞ்சம் தூக்கினாள்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
பார்த்திருக்க வேண்டாம். பதினொன்று.

அந்த வாரமே மேற்குச் சுவர் நகரத் தொடங்கியது,
நாளுக்கு நான்கு மில்லிமீட்டர் என்றது ரேடார்.
யாரையும் குறை சொல்ல முடியாது, பாறையைக்கூட.
சாலையைக் கிழக்குச் சுவருக்கு மாற்றி வரைந்தேன்.
இரண்டு வளைவு குறைந்தது,
சுற்றுக்கு நாற்பது விநாடி மிச்சம்.
அந்தச் சுவரில் வெயில் விழ நண்பகல் நெருங்க வேண்டும்.
அதை எழுத என் மென்பொருளில் கட்டம் இல்லை.

அடுத்த ஜூலை அறிக்கையில்
மற்றவை: பூஜ்யம்.
இவ்வளவு சுத்தமான தாளில் நான் கையெழுத்திட்டதே இல்லை.
ஒலவரியா கைகொடுத்தார்.

எட்டேகாலுக்கு ஷிப்ட் முடிந்து இறங்குகிறவர்கள்
கலாமா போகும் பேருந்தில் உடனே ஏறுவதில்லை.
தலைக்கவசத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு
பணிமனையின் தகரச் சுவரில் முதுகு சாய்த்து
கண்மூடி நிற்கிறார்கள், கிழக்கே பார்த்து.
நோல்ஃபாவும்.
ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறான், மறுபடி அடிக்கிறான்.
யாரும் அசைவதாக இல்லை.

பேருந்து என் கணக்கில் சேராது.