புள்ளிக்கோடு

கல்லல் என்றால் தோண்டுதல், அகராதியில்.
ஊர்ப்பெயருக்கு அதுதான் காரணமா, தெரியாது.
நான் ரயிலிலிருந்து இறங்கிய வாரம்
ஊரே தோண்டிக்கொண்டிருந்தது.
கண்மாய் தூர்வாருகிற வருஷம்.

என் பையில் சுத்தியல், கைலென்சு,
குப்பியில் நீர்த்த அமிலம்,
மடித்து மடித்து
மடிப்பிலேயே கிழிந்துபோன தாள்.

ஜீப் ஓட்டிய சேவுகன் முதல் நாளே கேட்டார்:
"எதைத்தேன் தேடுறீக?"
பனி கொண்டுவந்து போட்ட கல்லை, என்றேன்.
"அப்ப மார்கழியில வாங்க.
புல்லு நுனியெல்லாம் கெடக்கும்."

அந்தப் பனி இல்லை என்று சொல்ல
எனக்கு வேறு சொல் அகப்படவில்லை.
பனிக்கட்டி என்றால் ஐஸ்வண்டி மணியடித்து வந்துவிடுகிறது.
மலையைவிடக் கனத்து, மாட்டைவிட மெதுவாக
நகர்ந்துகொண்டே இருந்த வெள்ளை,
முப்பது கோடி வருஷத்துக்கு முன்
இந்தத் தரை தென்துருவத்தின் பக்கம் கிடந்தபோது...
சேவுகன் ஹார்ன் அடித்தார்.
முன்னால் ஆடுகள்.

போர்வெல் அடைக்கலம் நோட்டைக் கொடுத்தார்.
"இருபதடி வரை செம்பூரான். அப்புறம் களி.
அறுபதில் கூழாங்கல். பிட் உடைந்தது.
நட்டம் நாலாயிரத்து இருநூறு."
அவருடைய நட்டம்தான் என் தரவு.
அவர் கடைசி வரியை எழுதிய இடத்தில்
நான் முதல் கோட்டைப் போட்டேன்.

மூன்றாம் நாள் கண்மாய் நடுவில்
படுத்த மாடு அளவில் ஒரு கல்,
பாதி சேற்றில்.
ஒரு பக்கம் தட்டை.
அதில் ஐந்து கீறல், சாண் இடைவெளியில்,
ஒன்றுக்கொன்று இணையாக.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.
உருண்டு வந்த கல்லில் திசைக்கு அர்த்தமில்லை.
தெரிந்தும் காம்பஸ் வைத்து அளந்தேன்.

அன்றிரவு காரைக்குடி லாட்ஜில்
அதுவரை தொடாத ஊதாப் பென்சிலைச் சீவினேன்.

காலையில் ஜேசிபி ஓட்டுகிற பூவலிங்கம்
வாளியைத் தட்டிக் காட்டினான்:
"பல்லு அஞ்சு, மேடம்.
போன வருஷமே இந்தக் கல்லை நெம்பிப் பாத்தேன். அசையல."
பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே கையை விரித்து வைத்தேன்.
சாண்.
சேவுகன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது
சிரிக்கத்தான்.

அழிப்பான் எடுக்கும் முன்
ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.
ஐந்து கீறலுக்கும் அடியில்
குறுக்காக வேறு கோடுகள்.
நகத்தால் இழுத்தது போல மெல்லியவை,
உள்ளே செந்துரு உறைந்து.
ஜேசிபி அவற்றை வெட்டிக்கொண்டு போயிருக்கிறது.
ஆகவே மூத்தவை.
எவ்வளவு மூத்தவை என்று துரு சொல்லாது.
ஆறும் கீறும். நழுவிய பாறையும் கீறும்.
ஆசையும் கீறும்; அதைக் கைலென்சில் பார்க்க முடியாது.

நான் நம்பக்கூடிய பனி இன்னொன்று உண்டு.
அது இங்கே வரவே இல்லை.
எங்கோ வடக்கே உருகியது,
கல்லின் கணக்கில் நேற்றுத்தான்.
கடல் எழுந்து தொண்டிப் பக்கம் உள்ளே நடந்து வர,
போக இடமில்லாத ஆறுகள்
மணலை வழியிலேயே இறக்கிவைத்தன.
தேவகோட்டைக்குக் கிழக்கே
என் தாளில் தெரியும் மஞ்சளில் பாதி
அப்படி வந்தது.
எவர் பேரிலோ பற்று,
இங்கே வரவு.

ஊதாவை அழிக்கவில்லை.
சுற்றிலும் கோடு போடாமல்
புள்ளி வைத்தேன். பக்கத்தில் சின்னதாக
ஒரு கேள்விக்குறி.
மேலதிகாரி கேட்டார்: "பூச்சியா, குறியா?"
குறிவிளக்கத்தில் அந்த நிறத்துக்கு எதிரே
ஒரு சொல்லுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

கல்லை உடைத்துக் கரையில் போடச் சொன்னாராம் ஒப்பந்தக்காரர்.
"மேடம் கல்லு" என்று
பூவலிங்கம் சுற்றி மட்டும் வாரினானாம்.
ஐப்பசியில் சேவுகன் போன் செய்தார்:
"கண்மாய் ரொம்பிருச்சு.
கல்லு தண்ணிக்கு அடியில.
அளக்கணும்னா சித்திரைக்கு வாங்க."