சென்சார் நான்கு

நீடாமங்கலம் கேட் மூடியிருக்கிறது.
மன்னார்குடி பஸ் ஒன்று
ஹாரனை விடாமல் அழுத்துகிறது,
அழுத்தினால் ரயில் பயந்துகொண்டு
சீக்கிரம் வந்துவிடும் என்பதுபோல.

மாடியில் என் மேசையிலும் ஒரு நீடாமங்கலம்.
ப்ளைவுட்டில் பிளாட்பாரம்,
பற்பசை மூடியில் தண்ணீர்த் தொட்டி,
பெயின்ட் காயாத வெண்ணாறு.
தண்டவாளத்துக்கு அடியில்
கொட்டக்கொட்ட விழித்துக் கிடக்கின்றன
ஒன்பது சென்சார்கள்.

அவற்றுக்குத் தெரிந்தது இரண்டே பேச்சு:
இருக்கிறது. இல்லை.
அதைக் கேட்டு நடக்கும்படி
நிரல் எழுதிக்கொண்டிருந்தேன்.
மூன்று 'இருக்கிறது' என்றால் வேகம் குறை.
ஐந்து சொன்னால் நில்.
ஐந்து 'இல்லை' என்று சொல்லும்வரை
மன்னார்குடி வண்டிக்கு
சிக்னல் இறக்காதே.

மூன்று ராத்திரி சமர்த்தாக ஓடியது.
நாலாம் ராத்திரி,
இன்ஜினெல்லாம் ஷூ டப்பாவில் கிடக்க,
திரையில் ஒரு வரி:
2:14. சென்சார் நான்கு. இருக்கிறது.
உடனே, இல்லை.
இருக்கிறது. இல்லை. இருக்கிறது. இல்லை.

பல்லியைச் சந்தேகப்பட்டேன்.
ஐப்பசி ஈரத்தை.
மில்லிலிருந்து என் சட்டையில் வந்த
தவிட்டுத் தூசியை.
ஈயப் பற்றை உருக்கி மறுபடி வைத்தேன்.
மறுநாளும் வந்தது, 2:31-க்கு.

அரை வினாடிகூட நிலைக்காத எதையும்
நம்பாதே
என்று ஒரு வரி சேர்த்தேன்.
திரை வாயை மூடிக்கொண்டது.
எனக்குத்தான் தூக்கம் போனது.

2:20.
மேசைக்கால் நடுங்கியது.
டம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக.
நெல் ஏற்றிய கூட்ஸ்
கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.
அவசரமாக அந்த வரியை எடுத்துவிட்டுப்
பழைய பதிவைத் திறந்து எண்ணினேன்,
நாலாம் ராத்திரியினுடையதை.
நாற்பத்திரண்டு 'இருக்கிறது'.
திருகு தளர்ந்த நான்கு
ஒவ்வொரு பெட்டிக்கும் ஒருமுறை
நெஞ்சு அதிர்ந்திருக்கிறது.

காலையில் கேட்கீப்பர் ரெஜினாவிடம் கேட்டேன்.
"ராத்திரி கூட்ஸுக்கு எத்தனை பெட்டி?"
"நாப்பத்திரண்டு.
ஏன், உங்க மூட்டை ஏதும் காணுமா?"

திருகை முறுக்கவில்லை.
அந்த வரியைத் திரும்ப எழுதினேன்,
என் பொம்மை வண்டிகள் மோதாமலிருக்க.
நம்பாமல் தள்ளுவதை எல்லாம் போட
தனியாக ஒரு கோப்பு.
அதற்கு 'வெளியே' என்று பெயர்.

நேற்று அதில் இருந்தது இவ்வளவுதான்:
3:05. இருக்கிறது.
3:05. இல்லை.

பெட்டி ஒன்றுகூட இல்லாமல்
அந்நேரத்தில் தனி இன்ஜின்
எங்கே போயிருக்கும்?
கேட்டால் ரெஜினா சிரிப்பாள்.
கேட் திறக்கட்டும்.