வகை ஏழு: பேசியவர்

பீட்டர்மாரிட்ஸ்பர்க் நூலகத்தின் கீழ்த்தளத்தில்
ஒரு மைக்ரோஃபிலிம் கருவி, ஓர் அளவுகோல்,
இரண்டு பென்சில்.
தேநீர் உள்ளே கொண்டுவரக் கூடாது.
காலை ஒன்பதிலிருந்து நாலரை வரை
நானும் ஹ்லெங்கிவேயும்
ஒரே செய்தித்தாளைத் தனித்தனியாக வாசிக்கிறோம்.
அவள் போட்ட எண்ணை நான் எட்டிப் பார்த்தால்
ஆய்வே பாழ்.

ஆறு வருடத்து இதழ்கள். வாரத்துக்கு ஒன்று,
எந்தக் கிழமை என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தோம்.
கேள்வி இவ்வளவுதான்:
ஆற்றோரத்து வீடுகள் தரைமட்டமானதை
இந்தத் தாள் எத்தனை அங்குலத்தில் சொன்னது,
யார் வாயால் சொன்னது.

எங்களை ஒதுக்கினார்கள் என்று
கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும்
நாற்பது வருடமாகச் சொல்லியாயிற்று.
இல்லையே, நிறைய எழுதினோமே என்று
பத்திரிகைக்காரரும் நாற்பது வருடமாகச் சொல்லியாயிற்று.
அதனால்தான் அளவுகோல்.

குதிரைப் பந்தயம்: எழுநூற்றுப் பன்னிரண்டு அங்குலம்.
ஆற்றோரம்: நாற்பத்தொன்று.
அதில் பதினெட்டு
இடித்த வீடுகளின் தகரம் ஏலத்துக்கு என்ற அறிவிப்பு.
விளம்பரத்தைச் செய்தியாக எண்ணலாமா?
கூடாது என்கிறது கையேடு.
இருபத்து மூன்று.

வகை நாலு: வினை.
செய்வினை என்றால் 1, செயப்பாட்டுவினை என்றால் 2.
வீடுகள் அகற்றப்பட்டன. 2.
சாமான்கள் ஏற்றப்பட்டன. 2.
குடும்பங்கள் இடம் மாற்றப்பட்டன. 2.
ஆங்கிலத் தாள்தான். எனக்குள் தமிழாக விழும்போது
வரிக்கு வரி கடைசியில் ஒரு 'பட்டன'.
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில்
செயப்பாட்டுவினைக்கு ஐந்து மதிப்பெண்.
பட்டவர் யார் என்று
எந்த வினாத்தாளும் கேட்டதில்லை.
அறுபத்தொரு வாக்கியத்தில் ஐம்பத்தெட்டு.
மீதி மூன்றுக்கு எழுவாய் இருந்தது:
மழை, மழை, புல்டோசர்.

இந்த வேலை வீட்டுக்கும் வந்துவிடுகிறது.
நேற்றுச் சாப்பாட்டில் என் கணவர் பேசியது
பதினான்கு சொல். ஒன்பது உப்பைப் பற்றி.

பிறகு அந்தப் படம்.
மூன்றாம் பக்கம், வலது மூலை.
கவிழ்ந்த அலமாரிக்குப் பக்கத்தில்
முந்தானையை இடுப்பில் செருகிய ஒரு பெண்.
வாய் திறந்திருக்கிறது.
கீழே: 'குடியிருப்பவர் ஒருவர்.'
வகை ஏழில் நான் 5 போட்டேன்:
பேசியவர், குடியிருப்பாளர்.
ஹ்லெங்கிவே போட்டது 0.

வெள்ளிக்கிழமை மட்டும் வாதாடலாம்,
டாக்டர் பிரெனிஷாவின் முன்னால்.
கத்துகிறாள், தெரியவில்லையா என்றேன்.
மேற்கோள் குறி எங்கே என்றாள்.
ஒரு மனுஷியைப் பூஜ்யமாக்குகிறாயே என்றேன்.
அவள் படத்தைப் பார்த்தபடியே சொன்னாள்:
"நீ 5 போட்டால்
நாளைக்கு உன் அட்டவணையில் இவள் பேசியிருப்பாள்.
பேசவிட்டதாக இந்தத் தாளுக்கு
நீயே சான்றிதழ் கொடுப்பாய்.
இவள் கத்தினாள்.
இவர்கள் எழுதிக்கொள்ளவில்லை.
அந்தப் பூஜ்யம் இவளுடையதில்லை."

அழிரப்பர் தூளை ஊதிவிட்டேன்.
ஆனால் உடன்பாட்டுக் கணக்கில் திருத்தம் சேராது,
முரண்பட்டது முரண்பட்டதாகவே நிற்கும்.
பூஜ்யம் புள்ளி எட்டு மூன்று.
போதும், மேலே போங்கள் என்றார் டாக்டர்.

அடுத்த மாதத்தில் மூன்று இதழ்களைக் காணோம்.
யாரோ பிளேடால் அறுத்த பிறகுதான்
படம் பிடித்திருக்கிறார்கள்.
அதற்கும் எண் உண்டு. 99.

டாக்ஸிக்கு நிற்கையில் ஹ்லெங்கிவே சொன்னாள்,
ஜூலுவில் எண்ணுவதும் பாலா, எழுதுவதும் பாலா,
முதல் எழுத்தில் மட்டும் வித்தியாசம், கவனி.
மூன்று முறை சொல்லிக் காட்டினாள்.
எனக்குக் கேட்கவில்லை.
குறித்துக்கொள்ளப் போனால்
என் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ப.
ஒன்றின் கீழ் மட்டும் கோடு போட்டு வைத்தேன்.
எதற்கென்று இப்போது ஞாபகமில்லை.