மூன்றாம் தரம்

போத்தி துறைமுகத்தில் நாற்பத்தோரு வருடம்
கப்பல்களின் துருவைச் சுரண்டியவர் நோதார்.
இரும்பைத் தின்பது கடல் அல்ல, காற்று;
உப்பு வெறும் தரகன் என்பார்.

எண்ணெய்க் கப்பலில் மட்டும் புகைக்க முடியாது.
அந்த வாரங்களில் நன்றாகத் தூங்கினார்,
ஏனென்று யோசித்ததில்லை.

மருத்துவர் கேத்தெவான் திரையைத் திருப்பினாள்.
"நீங்கள் இழுக்கும் புகையில்
உயிர்வளியே கட்டவிழ்ந்து
ரத்தக்குழாயின் உள்சுவரை அரிக்கிறது.
இளம் உடம்பு பூசி மெழுகிவிடும்.
எழுபத்திரண்டில்
கூப்பிட்டாலும் கொத்தனார் வருவதில்லை."

நோதார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
வெகுநேரம் பார்த்தார்.
"மூன்றாம் தரத் துரு" என்றார்.
"நாலாவது என்றால் தகட்டையே வெட்டி எடுப்போம்."

அவள் மாத்திரை எழுதினாள்.
துருவின் மேல் பெயின்ட்!
அவருக்குச் சிரிப்பு வந்தது.
புது ஆட்களிடம் எத்தனை முறை கத்தியிருப்பார்:
முதலில் சுரண்டு, பிறகு பூசு.

லிஃப்ட் பழுது. மூன்று மாடி.
இரண்டாவது திருப்பத்தில் நின்றார்,
மூச்சு வாங்க அல்ல, சும்மா.
கை தானாகச் சட்டைப்பைக்குள் போய்
எண்ணிப் பார்த்தது:
பதினொன்று.

கீழே லமாரா ஹாரன் அடித்தாள்.
சிகரெட் பெட்டியை ஜன்னல் விளிம்பில் வைத்தார்.
தீப்பெட்டியை வைக்கவில்லை.
எதற்கும் இருக்கட்டும்.