பதினான்கு புள்ளி

பியேல் நகரத்தில் மாட்ரெச் பகுதி,
ஆறு மாடி, இருபத்து நான்கு வீடு,
நிலவறையில் சலவை இயந்திரம் இரண்டு.
போன ஆவணியிலிருந்து
இந்தக் கட்டடத்துக்கு நான் பராமரிப்பாளன்.
பனி வழிப்பேன். குழல்விளக்கு மாற்றுவேன்.
எந்த வீடு எந்த நாளில் துவைப்பதென்று
இரண்டு மொழியில் அட்டவணை அடித்து
லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டுவேன்.

அடிப்பதில்தான் வில்லங்கம்.

எழுத்தைப் பன்னிரண்டு புள்ளியாக்கிச் சேமிப்பேன்.
அடுத்த தாள் திறந்தால் பதினான்கு.
ஓரத்தை இரண்டு சென்டிமீட்டருக்கு இழுப்பேன்.
அடுத்த தாளில் மூன்று.
மொழியை ஜெர்மன் என்று வைத்துவிட்டுப் படுப்பேன்.
விடிந்தால் அது பிரெஞ்சுக்கு மாறியிருக்கும்,
என் ஜெர்மன் சொல் அத்தனைக்கும் கீழே
சிவப்பு நெளிகோடு,
வெற்றிலை துப்பிய சுவர் மாதிரி ஒரு பக்கம்.

எல்லாவற்றுக்கும் அடியில்,
நான் தொடாமலே, வலது மூலையில்,
சாய்ந்த எழுத்தில்:
'ஆர். ஷப்புயி, பராமரிப்பாளர்.'

எனக்கு முன்னால் இருந்தவர்.
பத்தொன்பது வருடம் இருந்துவிட்டு
நெஷாத்தலில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.
சாவிக்கொத்தைத் தந்தார், பனிமண்வெட்டியைத் தந்தார்,
இதைச் சொல்லவில்லை.

கவனியாமல் ஒட்டிய இரண்டு அறிவித்தல்
அவர் பெயரில் ஒரு கிழமை தொங்கின.
இரண்டாம் மாடிப் பையன் படியில் கண்டு
"போன்ஜூர் மொஸ்யு ஷப்புயி" என்றான்.
நானும் போன்ஜூர் சொன்னேன்.
வேறென்ன சொல்ல?

அமைப்புகளுக்குள் போனேன்.
'இயல்புநிலையாக்கு' என்பதை அழுத்தினேன்.
எல்லா ஆவணங்களுக்குமா என்று கேட்டது.
ஓமடாப்பா, எல்லாவற்றுக்கும்தான்.
சரி என்றது.
சரி என்று சொன்ன எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன்.
அணைத்துப் போட்டேன். அழித்து மறுபடி நிறுவினேன்.
வின்டர்தூரிலிருந்து மைத்துனன் கஜரூபன்
பின்னால் பிள்ளை அழ அழத் தொலைபேசியில் சொன்னான்:
"அத்தான், ஒவ்வொரு புதுத் தாளும்
ஒரு பழைய தாளிலயிருந்துதான் பிறக்குது.
நீங்கள் குஞ்சைத் திருத்திறியள்.
கோழியைப் பிடியுங்கோ."

பிடிக்கும்போது இரவு ஒரு மணி.
கோப்புறைக்குள் கோப்புறை, அதற்குள் இன்னொன்று,
அடியில் ஒரே ஒரு கோப்பு, 2009 என்று திகதி.
'படிக்க மட்டும்' என்ற பூட்டு:
சின்னக் கட்டம், உள்ளே ஒரு சரிக்குறி.
ஆறு கிழமை என்னோடு மல்லுக்கு நின்றது
இந்தக் கடுகுதான்.
எடுத்தேன்.
ஷப்புயியை அழிக்கும்போது கை சற்றுத் தயங்கியது.
பொய் சொல்வானேன், தயங்கவில்லை.

என் பெயரை அடித்தேன்: அமிர்தகுலேந்திரன்.
லத்தீன் எழுத்தில் அது நீளம் கூட;
அத்தனை நீளத்துக்கும் சிவப்புக் கோடு.
சொடுக்கிப் பார்த்தேன். 'பரிந்துரை ஏதுமில்லை.'
அதற்குக் கீழே 'அகராதியில் சேர்.'
சேர்த்தேன். கோடு போயிற்று.
குடியுரிமைக்குப் பதினொரு வருடம்,
இதற்கு ஒரு சொடுக்கு.

காலையில் புது அட்டவணை:
பன்னிரண்டு புள்ளி, ஒடுங்கிய ஓரம்,
இருபத்து நான்கு வீடும் ஒரே தாளில்.
தள்ளி நின்று இரண்டு தரம் பார்த்தேன்.

புதன்கிழமை நிலவறையில்
ஒரே இயந்திரத்தின் முன்னால் இரண்டு கூடை.
ஒன்று தெஸ்ஃபாய் குடும்பத்தினுடையது, நாள் அவர்களுக்கு.
மற்றது ஐந்தாம் மாடி நிடெக்கர் அம்மாவினுடையது.
மேலே போனால் அவர்
தாளில் மூக்கு முட்ட நின்றுகொண்டிருக்கிறார்.
ஏசவில்லை.
"எனக்குக் கண் வெட்டின வருடம்
ஷப்புயி எழுத்தைப் பெரிதாக்கினார்," என்றார்.
"பென்சிலால் குறிக்க ஓரமும் விட்டார்.
அவருக்கு மறந்துவிட்டதாக்கும்."

பின்னேரம் அந்தக் கோப்பைத் திறந்தேன்.
பதினான்கு. மூன்று சென்டிமீட்டர்.
மொழியும் பெயரும் நான் வைத்தபடி.
அட்டவணை இரண்டு தாளாகிவிட்டது,
ஒட்டுநாடா கூடச் செலவாகிறது.
சேமித்தேன்.
பிறகு அந்தச் சின்னக் கட்டத்துக்குள்
சரிக்குறியைத் திரும்பப் போட்டேன்.